நோட்டீஸுக்குத் தலைமை யாரு?

கடை தொறக்குறதெல்லாம் லேசு. நோட்டீஸ் அடிக்கிறதுதான் பெரும் ரோதனைன்னு யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா, நான் பாட்டுக்கு ரோட்டுல நின்னு கையத் தட்டிக் கூப்பிட்டே வியாபாரம் பாத்திருப்பேன். ஒருத்தரும் சொல்லல. மாமதுரை வாகன அழகூட்டுநர் மற்றும் உபதொழில் முனைவோர் பேரவைன்னு ஒண்ணு இருக்குன்னும், அதுக்குள்ள விளம்பர ஒழுங்குக் குழுன்னு இன்னொண்ணு இருக்குன்னும் ஆனையூர்ல கொட்டகை பிடிச்ச பெறகுதான் எனக்குத் தெரியும்.

எம் பேரு விக்டோரியா. காரு மேல படம் எழுதுறது தொழிலு. கம்பெனியில வாங்கின வெள்ளைக் காரைக் கொண்டாந்து விட்டீகன்னா, புலி வேணும்னா புலி, தீ வேணும்னா தீ, படமே வேணாம், கலரு மட்டும் வெயிலுக்கு ஒண்ணு நெழலுக்கு ஒண்ணா மாறணும்னா அதுவும் பண்ணிக் குடுப்பேன். ஒம்பது வருஷம் இன்னொருத்தர் பட்டறையில இதத்தான் பாத்தேன். அங்க நான் எழுதின காளைமாட்டை மட்டும் அவுத்துவிட்டா ஒரு சல்லிக்கட்டே நடத்தலாம். வண்டிக்காரவுக வந்து கதவைத் தடவிப் பாத்துட்டு, "யாருண்ணே எழுதுனது?"ன்னு கேப்பாக. மொதலாளி, "நம்ம பட்டறைப் பய ஒருத்தன்"ம்பாரு. அந்தப் பய நாந்தான். முழங்கை வரைக்கும் பெயிண்ட்டோட பக்கத்துலயே நின்னுக்கிட்டிருப்பேன். பொம்பள எழுதுனான்னு தெரிஞ்சா கூலியைக் குறைச்சுக் கேப்பாய்ங்கன்னு அவரு ஒரு காரணம் வச்சிருந்தாரு. எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வரும்.

அதனால தனியாக் கடை வச்சப்ப எனக்கு ஆசை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு நோட்டீஸ் அடிக்கணும். அதுல எம் பேரு கொட்டை எழுத்துல இருக்கணும். அதைப் பாத்துட்டு நாலு பேரு காரோட வரணும். தீவாளி வரைக்கும் பாக்குறது, வண்டி வரலைன்னா கொட்டகையைக் காலி பண்ணிட்டுத் திரும்பவும் அந்தப் பட்டறைக்கே பயலாப் போயிர வேண்டியதுதான்னு நானும் எங்க வீட்டுக்காரரு ஜெர்சனும் பேசி வச்சிருந்தோம். அவரு மிஷன் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. சத்தமாப் பேசுற ஆளுகளைக் கண்டாலே எந்திரிச்சு நின்னுருவாரு, மத்தபடி தங்கமான மனுசன்.

நோட்டீஸை நானும் தமிழ்வாணியும் உக்காந்து பண்ணோம். தமிழ்வாணி என்கூடப் படிச்சவ, செல்லூர்ல சின்னதா ஒரு அச்சாபீஸ் வச்சிருக்கா. மேல பாதிக்கு ஒரு காரு. என் சித்தப்பா மகன் ஜூடு வச்சிருக்குற பழைய காருதான் அது, ரெண்டு கதவுலயும் வைகையில தண்ணி பொங்கி ஓடுற மாதிரி நீலமும் பச்சையுமா எழுதியிருந்தேன். ஆத்துல பாக்க முடியாததைக் கதவுலயாச்சும் பாக்கட்டும்னு எழுதுனது. கீழ, "விக்டோரியா கார் ஓவியக் கூடம். ஊருல ஓடுற காரெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. உங்க காரு உங்க காரா இருக்கட்டும்." அதுக்குக் கீழ என் போன் நம்பரு. அம்புட்டுத்தான். தமிழ்வாணி கம்ப்யூட்டர்ல அதைப் பாத்துட்டு, "ஏடி, பாத்தா எனக்கே காரு வாங்கணும் போல இருக்குடி"ன்னா.

கொட்டகை பேரவைக்குச் சொந்தம். கொட்டகையில கடை வச்சிருக்குறவுக எந்த நோட்டீஸ் அடிச்சாலும் பேரவை பாத்து முத்திரை வைக்கணும்னு ஒப்பந்தத்துல இருந்துச்சு. முத்திரைதான, வாங்கிட்டு வந்துரலாம்னு மாதிரியை எடுத்துக்கிட்டுப் போனேன்.

ஆபீஸ்ல செயலாளர் நல்லகாமன் அண்ணன் இருந்தாரு. அவரு காருக்கு எதுவும் பண்றவரு இல்ல. பந்தல், நாற்காலி, மைக்செட் வாடகைக்கு விடுறவரு. வாகனத்துக்கு மேலயும் பந்தல் போடலாம்ங்கிறதால அது உபதொழில்ல வந்துருச்சு. என் நோட்டீஸை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ரொம்ப நேரம் எதையோ தேடுனாரு.

"தலைமை யாரும்மா?"ன்னாரு.

"என்ன தலைமைண்ணே?"

"நோட்டீஸுக்கு. தலைமை போடல, முன்னிலை போடல, வரவேற்புரை இல்ல, வாழ்த்துரை இல்ல. வெறும் நோட்டீஸா இருக்கு?"

"இது விழா இல்லண்ணே. கடை."

"கடைன்னா?" அவரு என்னைப் பாவமாப் பாத்தாரு. "தங்கச்சி, தலைமை இல்லாம நாட்டுல எது நடக்குது? நீ சின்னப் பிள்ள. நோட்டீஸ்ங்கிறது என்ன? யாரு பெரியவுக, யாரு அடுத்து பெரியவுகன்னு நாலு பேருக்குத் தெரியப்படுத்துறது. நீ என்னடான்னா காரைப் போட்டு வச்சிருக்க."

அவரு ஒரு பேனாவை எடுத்து, கார் கண்ணாடிக்கு மேல "தலைமை"ன்னு எழுதிட்டாரு. தலைமை, பேரவைத் தலைவர் வெள்ளைத்துரை, பக்கத்துல அவரு தலை போட்டோ ஒண்ணு. முன்னிலை, செயலாளர் நல்லகாமன். பெறகு துணைத் தலைவருக ஒரு வரிசை, அது காரோட முன் சக்கரத்துல ஆரம்பிச்சுப் பின் சக்கரத்தையும் தாண்டிப் போச்சு.

அடுத்த வாரம் குழு கூடுச்சு. தலைவர் வெள்ளைத்துரை நடுவுல உக்காந்திருந்தாரு. அவருக்கு சீட்டுக்கு உறை தைக்கிற வியாபாரம். பேரவையில பெயிண்ட் அடிக்கிறவுக எத்தனை பேரு இருக்காகன்னு நான் ஒரு ஆசையில கேட்டேன். "பெயிண்டர்களோட நலனுக்காகத்தான் பேரவையே ஆரம்பிச்சோம். ஆரம்பிச்ச நாள்லருந்து ஒரு பெயிண்டர்கூட எங்க மேல ஒரு குறை சொன்னதில்ல. ஏன்னா நாங்க அவுங்கள உள்ள விடல"ன்னாரு. பெருமையாத்தான் சொன்னாரு. சுத்தி இருந்தவுக தலைய ஆட்டுனாக.

அவருக்கு வலப்பக்கம் ஆலோசகர் சுப்பராமன் சாரு. ஏதோ ஒரு ஆபீஸ்ல சூப்பரின்டென்டென்ட்டா இருந்து ரிட்டயர் ஆனவரு. யாரு பேருக்கு அடுத்து யாரு பேரு வரணும்ங்கிறதுல அவரை அடிச்சுக்க மதுரையில ஆளில்லன்னு நல்லகாமன் அண்ணன் சொன்னாரு. ஒரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு, ஸ்கேலை எடுத்து நோட்டீஸை அளந்தாரு.

"காரு பெரிசா இருக்கே"ன்னாரு.

"காருக்குத்தான சார் நோட்டீஸ்?"

"இருக்கட்டும்மா. தலைவரோட தலை இருக்கறது ஒரு அங்குலம். காரு இருக்கறது ஆறு அங்குலம். பாக்கறவா என்ன நெனைப்பா?"

"நெசத்துலயும் காரு பெருசுதான சார்?"

"நெசம் வேற, நோட்டீஸ் வேற. இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் ரெண்டையும் கலந்ததே இல்ல."

தலைவர் தலை ஆறு அங்குலம் ஆச்சு. காரு ஒரு அங்குலம் ஆச்சு. ஆனாலும் சுப்பராமன் சாருக்கு மனசு ஒப்பல. காரு தலைவருக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு நிக்கிது, இது அவமரியாதைன்னாரு. சரின்னு தமிழ்வாணி காரைத் திருப்பிக் குடுத்தா. திருப்புனதும், காரு தலைவரைப் பாத்து வேகமா வர்ற மாதிரி இருக்கு, மோதுற மாதிரி ஒரு தோற்றம் வருதுன்னு துணைத் தலைவர் ஒருத்தரு எந்திரிச்சாரு. தலைவரே தன் கழுத்தத் தடவிப் பாத்துக்கிட்டாரு. கடைசியில காரை அவரு தாடைக்குக் கீழ, ஓரமா, பார்க் பண்ணுன மாதிரி வச்சோம். டிரைவர் இல்லைன்னு தெரியிற மாதிரி கதவைத் தொறந்து வைக்கச் சொன்னாக. அதையும் வச்சோம்.

அப்புறம் கலரு. அதுதான் என் தொழிலே, அதுல கை வைக்க மாட்டாய்ங்கன்னு நம்பிக்கிட்டிருந்தேன்.

"நீலம் ஒரு கட்சிக் கலரு"ன்னாரு வெள்ளைத்துரை. "பேரவையில எல்லாக் கட்சியும் இருக்கு. யாரும் வருத்தப்படக்கூடாது."

"சரிண்ணே, செவப்பு போட்டுருவோம்."

"செவப்பா?" நாலு பேரு சிரிச்சாக.

பச்சைன்னேன், மஞ்சன்னேன், கறுப்புன்னேன், காவின்னேன். ஒவ்வொண்ணுக்கும் ஒருத்தரு விரலை உசத்துனாரு. வெள்ளையாச்சும் விடுங்கன்னேன். "வெள்ளைன்னா எம் பேரை வச்சுக் கேலி பண்றதா எதிரணி கெளப்பி விட்டுருவாய்ங்க"ன்னு வெள்ளைத்துரை அண்ணனே சொல்லிட்டாரு. ரொம்ப நேரம் யோசிச்சு, சாம்பல் கலரு யாருக்கும் இல்லைன்னு கண்டுபிடிச்சாக. காருக்குக் கலரடிக்கிற கடையோட நோட்டீஸ்ல காரு சாம்பலா நின்னுச்சு. தலைவர் சட்டை மட்டும் பளபளன்னு பன்னீர் ரோஜாக் கலர்ல இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி ஜெர்சன்கிட்ட எல்லாத்தையும் கொட்டுனேன். "விடு விக்கி, பேராவது இருக்குல்ல"ன்னாரு. ஆமா, பேரு இருந்துச்சு. கீழ, காரு டயருக்குப் பக்கத்துல, எறும்பு மாதிரி.

எறும்பையும் அடுத்த கூட்டத்துல நசுக்கிட்டாய்ங்க. இந்தத் தடவ சுப்பராமன் சாரு வேற ஒரு குறை கண்டுபிடிச்சிருந்தாரு. நோட்டீஸ்ல தலைமை இருக்கு, முன்னிலை இருக்கு, வாழ்த்துரை இருக்கு, ஆனா விழா இல்ல. விழா இல்லாம தலைமை தாங்குறது மரபுல கெடையாதாம். நான் சந்தோசமா, "அப்ப தலைமையை எடுத்துருவோம் சார்"ன்னேன். எல்லாரும் என்னைக் கெட்ட வார்த்த பேசுனவளப் பாக்குற மாதிரி பாத்தாக.

"தலைமையை எடுக்கப்படாது. விழாவைச் சேத்துடலாம்"ன்னாரு சுப்பராமன் சாரு.

இதுதான்டா நேரம்னு நல்லகாமன் அண்ணன் முகம் வெளிச்சமாச்சு. "நோட்டீஸ் வெளியீட்டு விழா! ஆனையூர் மைதானத்துல முந்நூறு நாற்காலி, ஷாமியானா, நாலு கொழா மைக்கு. எங்கிட்ட எல்லாம் சும்மாத்தான் கெடக்கு தங்கச்சி. வாடகைய நீ மெதுவாக் குடு."

நோட்டீஸை வெளியிடுறதுக்கு விழா. அந்த விழாவுக்கு ஆள் கூப்பிட ஒரு அழைப்பு நோட்டீஸ். அந்த அழைப்பு நோட்டீஸுக்கும் குழு ஒப்புதல். அதுவும் நோட்டீஸுதான, அதை மட்டும் வெளியிடாம விட்டா மத்த நோட்டீஸ் என்ன நெனைக்கும்னு கேட்டு, அதுக்கும் டீ, பிஸ்கட்டோட சின்னதா ஒரு வெளியீடு நடந்துச்சு. அதுக்குத் தலைமையும் வெள்ளைத்துரைதான். நான் அந்த டீயக் குடிச்சுக்கிட்டே, நம்ம என்னத்துக்கு இங்க வந்தோம்னு ஒரு நிமிஷம் நெசமாவே மறந்து போயி உக்காந்திருந்தேன்.

விழாவைச் சேத்ததும் நோட்டீஸ்ல எடம் பத்தல. கடைப் பேரை எடுத்துட்டாக. "விக்டோரியா கார் ஓவியக் கூடம்"ங்கிறது நீளமா இருக்காம். "மாமதுரை வாகன அழகூட்டுநர் மற்றும் உபதொழில் முனைவோர் பேரவை"ங்கிறது நீளமாத் தெரியல.

"அண்ணே, எம் பேரு எங்கண்ணே?"ன்னு கேட்டேன்.

"பேரு என்னம்மா பேரு"ன்னாரு வெள்ளைத்துரை. "பொம்பளப் பேரைப் போட்டா கோலம் போடுற எடம்னு நெனைச்சுருவாய்ங்க. உனக்காகத்தான் சொல்றேன். நான் இந்தத் தலைவர் பதவியே பிறத்தியாருக்காகத்தான் வச்சிருக்கேன். எம் மூஞ்சியத்தான் எல்லா எடத்துலயும் போடுறேனே, எனக்கு வெக்கமா இல்லையா? இருக்கு. ஆனாலும் போடுறேன். சேவைன்னா அப்புடித்தான்."

"போன் நம்பரு?"

"ஆபீஸ் நம்பரைப் போட்டாச்சு. வர்ற ஆளை நாங்க விசாரிச்சு, தகுதி பாத்து உங்கிட்ட அனுப்புவோம்."

"உனக்கும் பொறுப்பு ஒதுக்கியிருக்கோம்மா"ன்னு சுப்பராமன் சாரு ஆறுதல் சொன்னாரு. விழாவுல நன்றியுரை என்னோடதாம். ஆனா அதையும் பேரைப் போட்டு அச்சடிக்க எடமில்ல. 'நன்றியுரை: கடைதாரர்'னு போட்டிருந்தாக. பெறகு மாதிரி மேல, கீழ் மூலையில, முத்திரையை ஓங்கி ஒரு குத்து குத்துனாக.

அதை எடுத்துக்கிட்டு நேரா செல்லூருக்குப் போனேன். தமிழ்வாணி அச்சாபீஸுக்கு ரெண்டு பக்கமும் தறி ஓடும், சத்தம் போட்டுத்தான் பேசணும். முத்திரைக்கு முன்னாடியே குழு அனுப்பின ஃபைலை வச்சு அவ அஞ்சாயிரம் அடிச்சு அடுக்கியிருந்தா. நான் ஒண்ண எடுத்துப் பாத்தேன். வெள்ளைத்துரை தலை, பன்னீர் ரோஜாச் சட்டை, பேரு, பேரு, பேரு. தாடைக்குக் கீழ தீப்பெட்டி அளவுல ஒரு சாம்பல் காரு, கதவு தொறந்து கெடந்துச்சு.

அழுகை வரும்னு நெனைச்சேன். வரல. கோவம்தான் வந்துச்சு. ஒம்பது வருஷம் பயலா இருந்தேன், இப்பக் கடைதாரர் ஆயிட்டேன், எப்பத்தான்டா நான் விக்டோரியா ஆகுறது? கையில இருந்ததக் கசக்கிப் போடத் திருப்புனேன். பின்னாடி வெள்ளையா, சுத்தமா, ஒரு எழுத்து இல்லாம இருந்துச்சு.

"தமிழு, இந்தப் பக்கம் ஏன் காலியா இருக்கு?"

"ஒரு பக்கத்துக்குத்தானடி சொன்னாய்ங்க."

"இதுக்கு யாராச்சும் தலைமையா?"

தமிழ்வாணி என்னைப் பாத்தா. அவளுக்குச் சட்டுனு வெளங்கிருச்சு, இருந்தாலும் ஒரு தடவ சொன்னா: "கொட்டகை போயிரும்டி."

"போனாப் போகுது. கொட்டகை இல்லாமப் படம் எழுதலாம். பேரு இல்லாம இனிமே ஒரு கோடு போட மாட்டேன்."

பழைய மாதிரி அவ கம்ப்யூட்டர்லயே இருந்துச்சு. நீலமும் பச்சையுமா வைகை ஓடுற காரு, எம் பேரு, என் நம்பரு. அஞ்சாயிரத்தையும் திருப்பிப் போட்டு அடிச்சோம். வீட்டுல போயி ஜெர்சன்கிட்டச் சொன்னேன். அவரு வேர்த்து விறுவிறுத்து எந்திரிச்சு நின்னுட்டாரு. நின்ன வாக்குலயே, "பேரு பெருசாத்தான இருக்கு?"ன்னு கேட்டாரு. நான் ஒண்ணக் குடுத்தேன். பாத்துட்டு உக்காந்தாரு. "இருக்கட்டும்"ன்னாரு.

விழா அன்னைக்கு மைதானம் நெறஞ்சு கெடந்துச்சு. வாடகை நாற்காலி காலியா இருந்தா நல்லகாமன் அண்ணனுக்குக் கௌரவக் குறைச்சல், அதனால மேலூர்லருந்து பஸ் வச்சு ஆள் கொண்டாந்திருந்தாரு. நன்றியுரை முடிஞ்சாத்தான் பிரியாணின்னு சொல்லியிருந்ததால ஒருத்தரும் அசையல. மேடையில பேரவை பூராவும் வரிசையா. ஓரத்துல எனக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி. ஜெர்சன் கீழ கடைசி வரிசையில நின்னுக்கிட்டிருந்தாரு, உக்கார எடம் இருந்தும்.

பொன்னாடை போத்துனாக. வெள்ளைத்துரைக்கு நல்லகாமன் போத்துனாரு, நல்லகாமனுக்கு வெள்ளைத்துரை போத்துனாரு, அதே துண்டு சுத்திச் சுத்தி வந்துச்சு. வாழ்த்துரைன்னு ஒவ்வொருத்தரா எந்திரிச்சாக. யாரும் காரைப் பத்திப் பேசல. ஒரு துணைத் தலைவரு, தன் பேரு நோட்டீஸ்ல மூணாவது வரியில வந்தது தன் வாழ்நாள் ஒழைப்புன்னு சொல்லிக் கண்ணத் தொடைச்சாரு. சுப்பராமன் சாரு, இந்த நோட்டீஸ்ல எழுத்து பூராவும் பதவி வரிசைப்படிதான் அச்சாகியிருக்கு, இப்படி ஒரு ஒழுங்கான நோட்டீஸை நான் பாத்ததில்ல, இது எதுக்கான நோட்டீஸுங்கறதுகூட முக்கியமில்லன்னாரு. கைதட்டு விழுந்துச்சு.

அப்புறம் வெளியீடு. ரிப்பன் கட்டின நோட்டீஸ் கட்டை ஒரு தட்டுல வச்சுக் கொண்டாந்தாக. கீழ கூட்டத்துக்கும் தமிழ்வாணி ஒரு கட்டு எடுத்துக்கிட்டு நின்னா, மொதல்ல மேடையில வெளியிடட்டும்னு. வெள்ளைத்துரை ரிப்பனை வெட்டி, மேடையில இருந்த எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு குடுத்தாரு. "எல்லாரும் ஒசக்கப் பிடிங்க"ன்னு போட்டோக்காரரு சொன்னாரு.

வழக்கமா என்ன பண்ணுவாக? வெளியிடுற பொருளோட முகப்பக் கூட்டத்துக்குக் காட்டுவாக. ஆனா இவுக யாரும் அச்சான நோட்டீஸை அதுவரைக்கும் முழுசாப் பாக்கல. அவுகவுக பேரு எங்க இருக்கு, எம்புட்டுப் பெருசா இருக்குன்னு பாக்குற அவசரம். அம்புட்டுப் பேரும் நோட்டீஸை மூஞ்சிக்கு நேரா ஒசத்தி, தன்னப் பாத்த மாதிரி பிடிச்சுக்கிட்டு, அப்புடியே வாசிக்க ஆரம்பிச்சுட்டாக. வெள்ளைத்துரை தன் தலையையே கண்கொட்டாமப் பாத்துக்கிட்டிருந்தாரு. துணைத் தலைவருக விரலை வச்சு வரிசையத் தேடுனாக. கூட்டத்துக்குத் தெரிஞ்சது பின்பக்கம். மேடை முழுக்க, இந்தக் கடைசியிலருந்து அந்தக் கடைசி வரைக்கும், விக்டோரியா, விக்டோரியா, விக்டோரியான்னு என் பேரு. ஒவ்வொண்ணுக்கும் மேல வைகை.

போட்டோக்காரரு படக் படக்குன்னு எடுத்துத் தள்ளுனாரு.

முன்வரிசையில ஒரு அக்கா, வெத்தலையக் கன்னத்துல ஒதுக்கிட்டு, "ஏத்தா, விக்டோரியான்றது யாரு?"ன்னு சத்தமாக் கேட்டுச்சு. பேரு ஒச்சாயின்னு பெறகுதான் எனக்குத் தெரியும். மேலூர்ச் சந்தைக்குக் காய்கறி ஏத்துற லோடு வண்டி சொந்தமா வச்சிருக்குற அக்கா.

நான் முக்காலியிலருந்து எந்திரிச்சேன். "நாந்தேன்க்கா."

"இந்தப் படமெல்லாம் நீ எழுதுனதா?"

"நாந்தேன் எழுதுனேன்."

"நெசமாவா! என் லோடு வண்டிக்கு எழுதுவியா?"

"எழுதுறேன்க்கா. என்ன எழுத?"

"எம் மூஞ்சிய எழுது. ஊருல அம்புட்டுப் பேரு மூஞ்சியும் இருக்கு, எம் மூஞ்சிக்கு என்ன?"

கூட்டம் கைதட்டிச் சிரிச்சுச்சு. வெள்ளைத்துரை அது தனக்கு விழுந்த கைதட்டுன்னு நெனைச்சு, நோட்டீஸை இன்னும் கொஞ்சம் ஒசத்திப் பிடிச்சு, மைக்குல பேச ஆரம்பிச்சாரு. "தாய்மார்களே! இந்த நோட்டீஸைப் பாக்கப் பாக்க எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது. இதுல நான் இருக்கேன். நான் மட்டுந்தான் இருக்கேன்னு சொல்ல மாட்டேன், ஆனா வேற யாரு இருக்கான்னு தேடத்தான் வேணும். இதைப் பாக்குற ஒவ்வொருத்தரும் ஒரு பேரை மறக்க மாட்டீங்க!"

"மறக்க மாட்டோம்!"னு கூட்டம் கத்துச்சு.

அப்ப என் போன் அடிச்சுச்சு. எடுத்து நிறுத்துனேன், திரும்ப அடிச்சுச்சு. முன்வரிசையில பாதிப் பேரு மேடையில பிடிச்சிருந்த நோட்டீஸைப் பாத்து நம்பரைப் போட்டுப் பாத்துக்கிட்டிருந்தாக. "யாரும்மா அது, தலைவர் பேசுறப்ப போனு!"ன்னு ஒருத்தரு அதட்டுனாரு. "கஸ்டமருண்ணே"ன்னேன்.

நல்லகாமன் அண்ணன்தான் மொதல்ல கண்டுபிடிச்சாரு. நாற்காலி சரியா இருக்கான்னு பாக்கக் கீழ எறங்குனவரு, திரும்பி மேடையப் பாத்தாரு. பெறகு வேட்டியத் தூக்கிக்கிட்டு ஓடியாந்து தலைவர் காதுல சொன்னாரு. வெள்ளைத்துரை நோட்டீஸைத் திருப்பிப் பாத்தாரு. துணைத் தலைவருக எல்லாரும் ஒருத்தரப் பாத்து ஒருத்தரு திருப்புனாக. இப்பத்தான் கூட்டத்துக்கு அவரு தலை தெரிஞ்சுச்சு. யாரும் அதைப் பாக்கல.

"யாரு அடிச்சது இதை?" மைக்கு அவரு கையில இருந்துச்சு, நாலு கொழாயும் அலறுச்சு.

"நாந்தேன்."

"யாரைக் கேட்டு?"

"எம் பேரை எழுத நான் யாரைண்ணே கேக்கணும்?"

"கிழிங்கய்யா! எல்லாத்தையும் கிழிச்சுப் போடுங்க!"

நாலஞ்சு பேரு கிழிக்க எடுத்தாக. சுப்பராமன் சாரு பதறிப்போயி எந்திரிச்சாரு. "தலைவரே, ஒரு நிமிஷம். கிழிச்சா அந்தப் பக்கம் உங்க தலையும் கிழியும். தலைவர் படத்தைக் கிழிக்கறது பேரவை விதிப்படி ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது." எடுத்த கையெல்லாம் அந்தரத்துல நின்னுச்சு. வெள்ளைத்துரை தன் தலையப் பாத்தாரு, என் பேரைப் பாத்தாரு. கிழிக்கவும் மனசில்ல, வச்சிருக்கவும் மனசில்ல. கீழ தமிழ்வாணி தன் பாட்டுக்குக் கட்டைப் பிரிச்சு எல்லாருக்கும் குடுத்துக்கிட்டே போனா.

"கொட்டகையைக் காலி பண்ணு. நாளைக்கே!"

"சாவி காலையில வந்துரும்ணே." அந்தக் கொட்டகைக்கு நானே சுண்ணாம்பு அடிச்சு, நானே லைட்டு மாட்டுனேன். இருந்தாலும் சொல்லிட்டேன்.

"எங்க வீட்டுப் பக்கம் புளியமரத்தடி சும்மாத்தான் கெடக்கு, அங்க வந்து எழுதுத்தா"ன்னு ஒச்சாயி அக்கா குரல் குடுத்துச்சு.

வெள்ளைத்துரை அடங்கல. "என்ன தைரியம் இருந்தா பேரவைக்குப் பின்பக்கத்துல உன் பேரைப் போடுவ?"

"அங்கதான்ணே தப்பா நெனைச்சுட்டீக"ன்னேன். "எம் பேரு இருக்குறதுதான் முன்பக்கம். நீங்க எல்லாரும் இருக்குறது பின்பக்கம்."

கூட்டம் ஓன்னு கத்துச்சு. கடைசி வரிசையில ஜெர்சன் விசில் அடிச்சாரு. அந்த மனுசனுக்கு விசில் அடிக்கத் தெரியும்னு கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்குத் தெரியாது.

மேடையில யாருக்கும் என்ன செய்யிறதுன்னு வெளங்கல. எறங்கிப் போகவும் முடியல, பிரியாணிக்குக் காத்திருக்குற கூட்டம் வழியில நிக்கிது. அந்தக் கலவரத்துலயும் மரபை விடாத ஒரே ஆளு சுப்பராமன் சாருதான். நிகழ்ச்சி நிரலைக் கையில எடுத்து, கண்ணாடிய மாட்டி, தொண்டையச் செருமிக்கிட்டு, தலைவர் கையிலருந்த மைக்கை மெதுவா வாங்குனாரு. "அடுத்து, நன்றியுரை. கடைதாரர்"னு அறிவிச்சுட்டு என்கிட்ட நீட்டுனாரு.

நான் வாங்குனேன். மொதல்ல எம் பேரைச் சொன்னேன்.